நேட்டாலுக்குக் கப்பலேறிய பாட்டி: பெயரை வைத்துத் தேடுவதா, எண்ணை வைத்தா?

#1 வேர்தேடி

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன ஒரு பெண்ணின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். கையில் இருப்பவை இவ்வளவுதான்:

பெயர் முனியம்மா. கணவர் பெயர் குப்புசாமி. 1880 வாக்கில் வந்திருக்கலாம். ஊர் ‘ஆர்க்காட்டுப் பக்கம்’. மகனின் இறப்பு அறிவிப்பில் தாய் பெயர் இருக்கிறது, வேறு விவரம் இல்லை.

கப்பல் பட்டியலில் முனியம்மா என்று போட்டால் பக்கம் பக்கமாக வருகிறது. எந்த வரிசையில் தேடினால் வழி பிறக்கும்?

#2 கப்பல்பட்டியல்

முதலில் பெயரை ஓரமாக வையுங்கள். நேட்டாலுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் கொடுத்தார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலில் அந்த வரிசை தொடங்குகிறது. 1911இல் கடைசிக் கப்பல் வரும்போது 1,52,000ஐத் தாண்டியிருந்தது. சென்னைக் கப்பலும் கல்கத்தாக் கப்பலும் அதே வரிசையில்தான் மாறி மாறி வரும்.

பெண்களைத் தேடுவோருக்கு இது பெரிய வரம். அந்தக் காலத்து நம் ஊர்ப் பத்திரம் எதை எடுத்தாலும் பெண் ‘இன்னார் பாரியாள்’ அல்லது ‘இன்னார் குமாரத்தி’ என்றுதான் வருவாள். நேட்டால் ஏட்டில் மட்டும் மனைவிக்குக் கணவன் எண்ணின் கீழே இடம் தரவில்லை. அவளுக்கென்று தனி எண். குழந்தைகளுக்கும் அப்படியே. கணவன் இறந்து வேறொருவரோடு வாழ்ந்தாலும், பெயரை எழுத்தர் நாலு விதமாக எழுதினாலும் அந்த எண் மாறாது.

ஆகவே உங்கள் முதல் வேலை முனியம்மாவைத் தேடுவதல்ல, அவர் எண் எந்தத் தாளில் பதிந்திருக்கும் என்று தேடுவது. வரிசை இப்படி:

மகனின் பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு. ஒப்பந்தக் குடும்பங்களின் பதிவுகளில் பெற்றோரின் எண்களைக் குறிப்பது வழக்கம். இறப்பு அறிவிப்பில் பெயர் மட்டும் இருந்தாலும் திருமணப் பதிவில் எண் இருக்க வாய்ப்பு உண்டு.

மகன் ஒருவர் மட்டும்தானா? அவருடைய அக்கா, தங்கை, அண்ணன், தம்பி எல்லாருடைய பதிவையும் எடுங்கள். ஒருவருடையதில் விட்டுப்போனது இன்னொருவருடையதில் இருக்கும். நேர்வாரிசை மட்டும் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் நடுவழியில் நின்றுபோகிறார்கள்.

எண் கிடைத்ததும் கப்பல் பட்டியலுக்கு வாருங்கள். டர்பனில் க்வாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையம் அதைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. ஒரு வரியில் பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாணா (காவல் எல்லை), கிராமம், உடல் அடையாளம், யாரிடம் வேலைக்குப் போனார் என்பவை இருக்கும். பின்னால் இறந்தாரா, இந்தியா திரும்பினாரா என்ற குறிப்பும் சிலருக்கு உண்டு.

#3 ஏட்டுச்சுவடு

மேலே சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. கணினியில் இருப்பது கையெழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தது. தமிழ்ப் பெயர் நம் கைக்கு வருவதற்குள் இரண்டு முறை அடிபட்டிருக்கிறது: சொன்னவர் வாயிலிருந்து எழுத்தர் காதுக்குப் போனபோது ஒரு முறை, ஏட்டிலிருந்து கணினிக்குப் போனபோது ஒரு முறை.

முதல் அடியில் என்ன நடக்கும்? ழகரத்தை ஒருவர் எல் என்று எழுதுவார், ஒருவர் ஆர் என்று, ஒருவர் டி என்று. ‘குழந்தை’ கூலண்டை ஆகிவிடும். வகரம் டபிள்யூவாகவும் வரும், வியாகவும் வரும். ‘அம்மாள்’ என்ற முடிவு அம்மா, அமா, அம்மாய் என்று தேயும், அல்லது முழுக்க விழுந்துவிடும். முனியம்மா வெறும் ‘முனி’யாக நின்றால், பட்டியலைத் தொகுத்தவர் அதை ஆண் பெயர் என்று நினைத்திருக்கலாம். பால் என்ற கட்டத்தை மட்டும் நம்பி வடிகட்டாதீர்கள்.

இரண்டாவது அடியில் ஆங்கில ‘என்’ (n) எழுத்தும் ‘யு’ (u) எழுத்தும் குழம்பும், எல்லும் டியும் குழம்பும், முதலெழுத்து டியா எஃபா என்று தெரியாது. அதனால் முழுப்பெயரைப் போட்டுத் தேடுவதைவிட நடுவில் இருக்கும் மூன்று நான்கு எழுத்துகளைப் போட்டுத் தேடுவது பலன் தரும்.

இன்னும் நல்ல வழி: கப்பல் எதுவென்று ஓரளவு தெரிந்தால் அந்தக் கப்பலின் பட்டியல் முழுவதையும் எண்வரிசையில் இறக்கி, ஒரு வரி விடாமல் படியுங்கள். சில நூறு பேர்தான் இருப்பார்கள். ஒரே மாலையில் முடியும். கப்பல் பெயருக்குப் பக்கத்தில் ரோமன் எண் இருந்தால் அது எத்தனையாவது பயணம் என்பது. ‘உம்லாசி’, ‘உம்வோட்டி’ போன்றவை பலமுறை வந்து போனவை. பயண எண்ணை விட்டுவிட்டுக் கப்பல் பெயரை மட்டும் குறித்துக்கொண்டால் பிறகு திணறுவீர்கள்.

வயதையும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். 20, 25, 30 என்று முழுத்தொகையாகவே எழுதுவார்கள். ஐந்து வருடம் முன்னே பின்னே தள்ளிப் பாருங்கள்.

#4 தாலுக்காக்காரன்

‘ஆர்க்காட்டுப் பக்கம்’ என்பது இன்றைய ஆற்காடு நகரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏட்டில் வட ஆர்க்காடு என்றும் தென் ஆர்க்காடு என்றும் இரண்டு ஜில்லா வரும். இரண்டுக்கும் நடுவே நிறைய தூரம்.

வட ஆர்க்காட்டுக்கு அன்றைக்குத் தலைமையிடம் சித்தூர். 1911இல்தான் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. எனவே அதற்கு முந்தைய பட்டியலில் ‘வட ஆர்க்காடு’ என்று இருந்தால் அந்தக் கிராமம் இன்று ஆந்திராவில் இருக்கக்கூடும். வேலூர், ராணிப்பேட்டை, போளூர், வந்தவாசிப் பக்கமும் இருக்கக்கூடும். திருத்தணி 1960இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தென் ஆர்க்காடு என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி வட்டாரம். சேலம் ஜில்லா என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் அதற்குள். 1911 வரை திருப்பத்தூரும் சேலத்தில்தான்.

‘தாணா’ என்ற கட்டம் வடக்கத்தி வழக்கில் காவல் எல்லையைக் குறிப்பது. சென்னைக் கப்பல்களில் அந்த இடத்தில் பெரும்பாலும் தாலுகாவின் பெயரைத்தான் எழுதினார்கள். இதுதான் உங்கள் திறவுகோல். ஒரு ஜில்லாவுக்குள்ளேயே நாலைந்து புதூரும் ஏழெட்டு நல்லூரும் இருக்கும். தாலுகா இல்லாமல் கிராமத்தைப் பிடிக்க முடியாது.

தாலுகாவின் ஆங்கில எழுத்தைப் பார்த்து மிரள வேண்டாம். வாய்விட்டுப் படியுங்கள். ‘குடியாட்டம்’ என்றால் குடியாத்தம், ‘வாண்டிவாஷ்’ என்றால் வந்தவாசி, ‘ட்ரிகோயிலூர்’ என்றால் திருக்கோயிலூர், ‘மயாவரம்’ என்றால் இன்றைய மயிலாடுதுறை. இப்படித் தாலுகாவை உறுதிசெய்த பிறகு அந்தத் தாலுகாவின் வருவாய்க் கிராமப் பட்டியலை எடுத்து, ஏட்டிலுள்ள கிராமப் பெயரை ஒவ்வொன்றோடும் சத்தமாகச் சொல்லி ஒப்பிடுங்கள். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும். வருவாய்க் கிராமத்தில் கிடைக்காவிட்டால் அதன் உட்கிடைகளையும் பாருங்கள். குடியிருப்பின் பெயரைச் சொல்லி ஏறியவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. சாதிக் கட்டத்தில் ‘மலபார்’ என்றிருந்தால் உடனே கேரளத்துக்குப் போய்விடாதீர்கள். அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழரையே அப்படிச் சொல்வதுண்டு. ‘ஜெண்டூ’ என்றால் பெரும்பாலும் தெலுங்கர். ஜில்லாக் கட்டத்தோடு சேர்த்துப் படித்தால்தான் பொருள் விளங்கும்.

#5 வேர்தேடி

மிக்க நன்றி. மகளின் திருமணப் பதிவில் எண் இருக்கிறது, ஆனால் கடைசி இலக்கம் 1 என்றும் 7 என்றும் படிக்கலாம். இரண்டையும் பார்த்தால் இரண்டுமே பெண்கள், ஒரே கப்பல். ஒருவர் பெயர் ‘முனியாமா’, தந்தை பெயர் சின்னப்பன் போலத் தெரிகிறது, வட ஆர்க்காடு. மற்றவர் ‘மூனி’, தந்தை பெயர்க் கட்டத்தில் குப்புசாமி, தென் ஆர்க்காடு. குப்புசாமி என்று வருவதால் இரண்டாமவர்தானே நம் ஆள்?

#6 கப்பல்பட்டியல்

அவசரப்படாதீர்கள். அந்தக் கட்டத்தில் பெண்களுக்குச் சில சமயம் கணவன் பெயரையும் எழுதிவிடுவார்கள், உண்மைதான். ஆனால் இந்த மூனியின் அப்பா பெயரும் குப்புசாமியாக இருக்கலாமே. அந்தப் பெயருக்கு நம் பக்கம் பஞ்சமா?

பிரித்தறிய நான்கு சோதனைகள்.

ஒன்று, அக்கம்பக்கத்து எண்கள். குடும்பமாக ஏறியவர்களுக்கு எண்களும் அடுத்தடுத்து வரும்: கணவன், மனைவி, பிள்ளைகள். இரண்டு எண்களுக்கும் முன்னும் பின்னும் பத்துப் பத்து வரிகளைப் படியுங்கள். முனியாமாவுக்கு முந்திய வரியில் குப்புசாமி என்று ஓர் ஆண் இருந்தால் கதை அங்கேயே மாறிவிடும்.

இரண்டு, வேலை கொடுத்தவர். கணவன் மனைவியைப் பொதுவாக ஒரே இடத்துக்குத்தான் ஒதுக்கினார்கள். மகள் பிறந்த இடம் எந்த மாஜிஸ்திரேட் எல்லை? கரும்புத் தோட்டமா, ரயில்வேயா, நிலக்கரிச் சுரங்கமா, கியர்ஸ்னி போன்ற தேயிலைத் தோட்டமா? அந்த வேலையிடம் யாருடைய வரியோடு ஒத்துப்போகிறது?

மூன்று, உடல் அடையாளம். நெற்றித் தழும்பு, கையில் பச்சை குத்தியது என்று எழுதியிருப்பார்கள். பிந்திய காகிதங்கள் எதிலாவது அதே அடையாளம் வந்தால் வழக்கு முடிந்தது.

நான்கு, இறுதிக் குறிப்பு. இருவரில் ஒருவர் மகள் பிறப்பதற்கு முன்பே இறந்ததாகவோ திரும்பிப் போனதாகவோ இருந்தால் கேள்வியே இல்லை.

அடுத்தடுத்த எண்ணில் ஓர் ஆணும் பெண்ணும் இருப்பதால் ஊரிலேயே திருமணமானவர்கள் என்று எழுதிவிடாதீர்கள். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. தனியாக வந்த பெண்கள் சென்னைக் கூலி டிப்போவில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் ஓர் ஆணோடு சேர்ந்து கணவன் மனைவியாகப் பதிந்துகொண்டதும் உண்டு. இருவரின் ஜில்லாவும் வேறு, சாதியும் வேறு என்றால் அப்படி இருக்க வாய்ப்பு அதிகம். ‘டிப்போவில் இணைந்திருக்கலாம்’ என்று குறித்து வையுங்கள். அதில் இழிவு ஒன்றும் இல்லை. கடல் கடந்து போகிற பெண் தனக்கு ஒரு துணையைத் தேடிக்கொண்டாள்.

#7 பிறந்தகம்

கப்பல்பட்டியல் அண்ணா சொன்ன நான்கு சோதனையும் சரி. ஆனால் கேள்வி ‘பிறந்த வீடு எது’ என்பது. அதற்கு ஒன்று சேர்க்க வேண்டும்.

கணவனோடு ஏறிய பெண்ணின் கிராமக் கட்டத்தில் பல பட்டியல்களில் ‘மேற்படி’க் குறிதான் இருக்கும். கணினிப் பிரதியில் அந்தக் குறி போய், கணவனின் ஊரே மனைவிக்கும் முழுதாக எழுதப்பட்டிருக்கும். பார்க்கிறவர்கள் ‘இருவரும் ஒரே ஊர்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது புகுந்த ஊர். அவள் பிறந்த ஊர் பத்து மைல் தள்ளி வேறு தாலுகாவில் இருந்திருக்கலாம். மூல ஏட்டின் படத்தைப் பார்க்காமல் மனைவியின் ஊரை ஒருபோதும் உறுதிப்படுத்தாதீர்கள். தனியாக வந்த பெண்ணின் வரியில் இருக்கும் கிராமத்துக்கு, கணவனோடு வந்தவளின் வரியில் இருப்பதைவிட மதிப்பு அதிகம்.

பெண்ணின் வரியில் தந்தை பெயர் தெளிவாக இருந்தால் அதைப் பொன்னாகப் பாவியுங்கள். பிறந்தகத்துக்குப் போகும் ஒரே வழி அது. நேட்டாலில் தந்தையின் பெயரோ கணவனின் பெயரோ குடும்பப்பெயராக நிலைத்துவிட்டது. பாட்டியின் பெயர் பேரப்பிள்ளைக்குக் குடும்பப்பெயராக வருவது அரிது. இன்று ‘குப்புசாமி’ என்று குடும்பப்பெயர் வைத்திருப்போரில் தேடினால் தாத்தாவின் வழிதான் கிடைக்கும்.

குலதெய்வத்தை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கப் பார்ப்பவர்களுக்கும் இதே சொல். மணமானதும் பெண்ணுக்குக் கணவன் வீட்டுக் குலதெய்வம்தான். குடும்பத்தில் வழிவழியாகக் கும்பிடும் தெய்வம் பாட்டியின் பிறந்த ஊருக்கு வழிகாட்டாது. ஆனால் பெண்மக்கள் மட்டும் தனியாகச் செய்யும் படையலோ நேர்ச்சையோ இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். தாய்வழி எச்சமாக இருக்கலாம்.

மரபணுச் சோதனை பற்றி யாராவது கேட்பீர்கள் என்பதால்: இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) மரபணு தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று போகும் வழிக்கு மட்டுமே உதவும். ஊர் பெயர் அதில் வராது.

#8 ஆவணமாலை

எண் உறுதியானதும் அடுத்து போக வேண்டியது தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் என்.ஏ.ஏ.ஐ.ஆர்.எஸ். குறியீட்டுத் தளம். அங்கே பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்துக்கும் டர்பன் காப்பகத்துக்கும் தனித்தனித் தரவுத்தளம். இரண்டிலும் தேடுங்கள். இந்தியக் குடியேற்றத் துறையின் கோப்புகளுக்கு ‘ஐஐ’ (II) என்று மூலக்குறி. பெயரை மட்டும் போடாமல் எண்ணையும் போடுங்கள். பல கோப்புத் தலைப்புகளில் ‘இந்தியர் எண் இன்னது’ என்று சேர்ந்தே வரும்.

குறியீட்டில் தலைப்பு மட்டும்தான் தெரியும். கோப்பு அங்கே இருக்காது. காப்பகக் குறி, மூலக்குறி, தொகுதி எண், கோப்பு எண், ஆண்டு ஐந்தையும் அப்படியே எழுதி நகல் கேட்க வேண்டும். ஒன்று விட்டாலும் வேறு கோப்பு வரும்.

பெண்களைப் பொறுத்தவரை எனக்கு மிக மதிப்பானவை குடியேறியோர் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரியிடம் போன புகார்கள். கூலி தரவில்லை, அடித்தார்கள், பிள்ளையைப் பிரித்தார்கள், கணவன் இருக்கும் தோட்டத்துக்கு மாற்றவில்லை என்று பெண்கள் கொடுத்த வாக்குமூலங்கள் அவற்றில் உண்டு. துபாஷி மொழிபெயர்த்ததுதான், ஆனாலும் அந்தப் பெண் ‘நான்’ என்று பேசும் காகிதம் உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காது. ஆணுக்கு முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், வருடத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. பெண்ணுக்கு அதில் பாதி. அந்தப் பாதியும் கிடைக்காதபோதுதான் பல புகார்கள் எழுந்தன.

கணவனின் சொத்துக் கோப்பையும் எடுங்கள். அதிலுள்ள இறப்பு அறிவிப்பில் இறந்தவரின் பெற்றோர், பிறந்த இடம், உயிரோடிருக்கும் மனைவி, பிள்ளைகள் என்று கட்டங்கள் இருக்கும். மனைவிக்குச் சொத்தே இல்லாவிட்டாலும் அவர் பெயர் அங்கே வரும். நேட்டால் பதிவுகள் நிறைய ஃபேமிலிசர்ச் தளத்தில் படங்களாக இருக்கின்றன. பெயர்த் தேடலில் வராதவை பக்கம் புரட்டினால் வரும்.

திருமணப் பதிவை வந்த ஆண்டை ஒட்டி மட்டும் தேடாதீர்கள். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி ஸெர்ல் தந்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படியோ சட்டப்படி பதிவுசெய்தோ நடக்காத திருமணங்களைச் செல்லாதவையாக்கியது. பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கியதற்கு அது பெரிய காரணம். 1914இன் இந்தியர் நிவாரணச் சட்டம் அந்தத் திருமணங்களுக்கு வழி திறந்தது. ஆகவே 1880களில் தாலி கட்டியவர்களின் பதிவு 1914க்குப் பிறகு இருக்கக்கூடும். பேரன் பேத்தி எடுத்த பிறகு பதிந்த கல்யாணம் என்று தள்ளிவிடாதீர்கள்.

1895க்குப் பிறகு வந்தவர் என்றால், ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள் மீது போட்ட 3 பவுண்டு வரி ஆவணங்களும் உண்டு. 1903இல் அந்த வரியை 13 வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் மீதும் நீட்டினார்கள். 1914இல் நீக்கினார்கள். உங்கள் முனியம்மா 1880 என்றால் இது பொருந்தாது.

சாதிக் கட்டத்தில் கிறிஸ்தவர் என்றிருந்தால் திருமுழுக்கு ஏடுகளைப் பாருங்கள். ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். கப்பலில் கூட வந்தவர்களே ஞானப்பெற்றோராக நின்றிருக்கலாம்.

#9 கடலோரம்

எங்கள் தேடலில் ‘1870இல் வந்தார்’ என்று குடும்பத்தில் உறுதியாகச் சொல்கிறார்கள். இன்னொரு கிளை ‘தாது வருஷப் பஞ்சத்தில்’ என்கிறது. எதை எடுப்பது?

#10 ஏட்டுச்சுவடு

1870ஐ விட்டுவிடுங்கள். 1866 முதல் 1874 வரை நேட்டாலுக்கு ஆள் ஏற்றுவதே நின்றிருந்தது. அந்த இடைவெளியில் ஒரு வருடத்தைச் சொன்னால் ஒன்று அவர் முன்பே வந்திருக்க வேண்டும், அல்லது பின்னால், அல்லது மொரீஷியஸ் போன்ற வேறு தீவு வழியாக. மொரீஷியஸ் என்றால் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியோர் ஏடுகள் இருக்கின்றன, அங்கும் எண் முறைதான்.

தாது என்பது 1876 ஏப்ரலில் தொடங்கி 1877 ஏப்ரலில் முடிந்த ஆண்டு. அடுத்தது ஈசுவர. பெரும்பஞ்சம் இரண்டையும் தொட்டு 1878 வரை நீண்டது. மக்கள் முழுப் பஞ்சத்தையும் தாது என்றே சொல்வதால் 1876 முதல் 1878 வரை உள்ள கப்பல்களைப் பாருங்கள். பழைய கடிதத்திலோ ஜாதகத்திலோ வருடப் பெயர் மட்டும் இருந்தால் 60 வருடச் சுற்றை மறக்க வேண்டாம்: பிரபவ 1807இலும் வரும், 1867இலும் வரும். ௵, ௴, ௳ என்ற குறிகள் முறையே வருடம், மாதம், நாள். அவற்றுக்கு முன்னால் நிற்கும் தமிழ் எண்ணை எழுத்தாகப் படித்துவிடுவது சாதாரணமாக நடக்கும் பிழை. ௧ஐ ‘க’ என்றும் ௭ஐ ‘எ’ என்றும் படிப்பார்கள்.

#11 வேர்தேடி

பத்துப் பத்து வரிகள் படித்தேன். முனியாமாவுக்கு முந்திய வரியில் ‘கூப்பசாமி’, ஆண், 30. அவரும் வட ஆர்க்காடு, தாணாக் கட்டத்தில் ‘போலூர்’. இருவருக்கும் ஒரே வேலையிடம். அடுத்த வரியில் ஒரு குழந்தை. மூனியைச் சுற்றித் தனி ஆட்களும் பெண்களும்தான், கணவர் என்று சொல்லக்கூடிய யாரும் இல்லை. வேலையிடமும் வேறு. முனியாமாவுக்கும் கூப்பசாமிக்கும் கிராமம் ஒன்றே என்று கணினிப் பிரதி சொல்கிறது.

#12 கப்பல்பட்டியல்

அப்படியானால் முனியாமா பக்கம் தராசு நன்றாகச் சாய்கிறது. மூனியின் தந்தைதான் குப்புசாமி என்று கொள்ளலாம். மகளின் திருமணப் பதிவின் மூலப் படத்தைப் பெரிதாக்கி, அதே எழுத்தர் அதே பக்கத்தில் வேறு இடங்களில் 1ஐயும் 7ஐயும் எப்படி எழுதியிருக்கிறார் என்று ஒப்பிட்டுவிடுங்கள். அதுவும் ஒத்துவந்தால் எண் உறுதி.

#13 பிறந்தகம்

கிராமத்தை இன்னும் எழுதாதீர்கள், தம்பி. தாலுகா போலூர் என்பதுகூட கணவரின் வரியிலிருந்து இறங்கியதாக இருக்கலாம். மூல ஏட்டின் நகல் கேட்கும்போது அந்த ஒரு பக்கத்தை மட்டும் கேட்காமல் முந்திய பக்கத்தையும் பிந்திய பக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பக்கம் மாறும் இடத்தில் குடும்பம் இரண்டாகப் பிரிந்திருக்கும். கூடவே அண்ணனோ அக்காவோ ஏறியிருந்தால் அவர்கள் வரியிலும் தந்தை பெயர் சின்னப்பன் என்றிருக்கும். அந்த வரியில் மேற்படிக் குறி இல்லாமல் ஓர் ஊர் எழுதியிருந்தால், அதுதான் முனியம்மாவின் பிறந்த ஊர்.